முதலில் தாளைச் சுடுங்கள்: ஷாட்கன் ரவைச் சிதறலைச் சோதித்துப் பார்ப்பது

குழலின் பக்கவாட்டில், குழல்வாய் எவ்வளவு குறுகியது என்பதைக் குறிக்கும் 'மாடிஃபைடு' என்ற சொல் பொறித்திருக்கிறது. தோட்டாப் பெட்டியில் ரவையின் எண்ணும் எடையும் அச்சிட்டிருக்கின்றன. இவ்வளவும் எழுதித் தந்திருக்கும்போது, ஒரு பெரிய தாளை நட்டுவைத்துச் சுட்டுப் பார்ப்பது எதற்கு? புதிதாக ஷாட்கன் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பொறித்திருப்பதும் அச்சிட்டிருப்பதும் பொதுக் கணக்கு. உங்கள் குழலிலிருந்து, நீங்கள் வாங்கிய தோட்டா, நீங்கள் சுடப்போகும் தூரத்தில் எப்படி விழுகிறது என்பதை அந்தத் தாளைத் தவிர வேறு எதுவும் சொல்லாது.

ரைஃபிள் ஒற்றைக் குண்டை அனுப்புகிறது. அது எங்கே பட்டது என்று பார்த்தால் போதும். ஷாட்கன் தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் இருக்கின்றன. 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்தில், அமெரிக்க அளவு முறைப்படி 6ஆம் எண் ரவை சுமார் 225 இருக்கும். எண் பெரிதாக ஆக ரவை சிறிதாகும்: 4ஆம் எண் என்றால் 135 தான், 7½ என்றால் 350. (நாட்டுக்கு நாடு இந்த எண்கள் சற்று மாறும். பெட்டியில் மில்லிமீட்டர் அளவு இருந்தால் அதையே நம்புங்கள். அமெரிக்க 6ஆம் எண் என்பது 2.8 மில்லிமீட்டர்.) குழல்வாயை விட்டு வெளியேறும்போது இந்த ரவைகள் ஒரே கொத்தாக இருக்கும். போகப் போக விரியும். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் அந்த விரிவு எந்த வடிவில், எந்த அடர்த்தியில் இருக்கிறது என்பதுதான் சிதறல். பறவையைச் சுடுபவருக்கு இது உயிரான விஷயம். நெருக்கமாக விழுந்தால் பறவை உடனே சாகும். இடைவெளி விட்டு விழுந்தால் ஒன்றிரண்டு ரவைகளை உடலில் சுமந்துகொண்டு பறந்து போய், கண்ணுக்கு எட்டாத இடத்தில் மெல்லச் சாகும். வேட்டை அனுமதிக்கப்பட்ட இடத்தில் உரிமத்தோடு போகும் ஒருவர் அந்தப் பறவைக்குச் செய்ய வேண்டிய முதல் கடமை, களத்தில் இறங்குமுன் இந்தச் சோதனையை முடிப்பது. இதில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் செய்வதில்லை.

சோக் என்பது என்ன?

குழலின் வாய்ப்பகுதியைச் சற்றே குறுக்கி வைப்பதுதான் சோக். 12 போர் துப்பாக்கியின் குழல் உள்விட்டம் பொதுவாக 18.5 மில்லிமீட்டர். (போர் என்பது குழலின் துளை அளவு. இதிலும் எண் பெரிதாக ஆகத் துளை சிறிதாகும்.) குறுக்கல் சிறிதும் இல்லாத வாய்க்குச் சிலிண்டர் என்று பெயர். கால் மில்லிமீட்டர் குறுக்கினால் இம்ப்ரூவ்டு சிலிண்டர், அரை மில்லிமீட்டர் குறுக்கினால் மாடிஃபைடு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறுக்கினால் ஃபுல். தலைமுடியின் தடிமனை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நுணுக்கமான வேறுபாடு இது. ஆனாலும் 40 கஜத்துக்கு அப்பால் அது பெரிய வித்தியாசமாக வந்து நிற்கிறது.

இந்தப் பெயர்களுக்கு உண்மையான இலக்கணம் குழலில் இல்லை, தாளில் இருக்கிறது. 40 கஜத்தில், அதாவது 36.6 மீட்டரில், 30 அங்குல (76 சென்டிமீட்டர்) விட்டமுள்ள வட்டத்துக்குள் தோட்டாவின் ரவைகளில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பதே நெடுங்காலமாக வழங்கிவரும் அளவுகோல். சிலிண்டருக்கு 40, இம்ப்ரூவ்டு சிலிண்டருக்கு 50, மாடிஃபைடுக்கு 60, ஃபுல்லுக்கு 70. 'மாடிஃபைடு' என்று பொறித்த குழல் ஒரு வகைத் தோட்டாவில் 68 சதவீதம் தந்தால், அந்தத் தோட்டாவைப் பொறுத்தவரை அது ஃபுல் சோக்குதான். அதே குழல் வேறொரு தோட்டாவில் 52க்கு இறங்கலாம்.

ஏன் இப்படி மாறுகிறது? பெரும் காரணம் ரவையின் உருக்குலைவு. வெடிமருந்து எரிந்து தள்ளும் அந்தக் கணத்தில், அடியில் இருக்கும் ரவைகள் மேலிருக்கும் ரவைகளின் பாரத்தில் நசுங்குகின்றன. குழலின் சுவரில் உராயும் ரவைகளும் தட்டையாகின்றன. உருண்டையாக இருக்கும் ரவை நேராகப் போகும். நசுங்கிய ரவை காற்றில் விலகி, கூட்டத்தைவிட்டு வெளியே போய்விடும். ஆன்டிமனி கலந்து கடினமாக்கிய ஈய ரவை குறைவாக நசுங்குகிறது. ரவைகளைக் கிண்ணம்போல் தாங்கிவரும் பிளாஸ்டிக் தக்கை உராய்வைத் தடுக்கிறது. தோட்டாவின் வேகம், ரவையின் அளவு, குழலின் உள்ளமைப்பு என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எதையாவது மாற்றும். இத்தனையையும் கூட்டிக் கழித்து முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. சுட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

இடமும் பாதுகாப்பும்

6ஆம் எண் ரவை உச்ச அளவாக 220 மீட்டர் வரை போகக்கூடியது. 4ஆம் எண் 260 மீட்டர் வரை போகும். பெரிய ரவை இன்னும் தள்ளிப் போகும். ஆகவே தாளுக்குப் பின்னால் உயர்ந்த மண்மேடு இருக்க வேண்டும், அல்லது 300 மீட்டருக்கு மேல் ஆளில்லாத, பார்வைக்கு முழுதும் தெரிகிற வெட்டவெளி இருக்க வேண்டும். முறையான சுடுதளம் கிடைத்தால் அதுவே நல்லது. கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். இரும்புத் தகட்டுக்கு வெள்ளை பூசி அதில் ஈய ரவையைச் சுட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. எஃகு ரவையை ஒருபோதும் அப்படிச் சுடக் கூடாது, திரும்பித் தெறித்து முகத்துக்கு வரும்.

ஒரு நாளில் ஒரே போர் அளவுத் தோட்டாக்களை மட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 20 போர் தோட்டா தவறிப்போய் 12 போர் குழலுக்குள் விழுந்தால், உள்ளே சற்றுத் தள்ளிச் சிக்கி நின்றுவிடும். வெளியே பார்த்தால் குழல் காலி போலத் தோன்றும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். பல வகைத் தோட்டாக்களை அடுத்தடுத்துச் சோதிக்கும் நாளில்தான் இந்தத் தவறு நேர வாய்ப்பு அதிகம். கழற்றி மாட்டும் வகைச் சோக்கை மாற்றும்போதும், தாளைப் பார்க்க நடக்கும்போதும் துப்பாக்கி காலியாக, திறந்த நிலையில் இருக்கட்டும்.

சுடும் முறை

ஒரு பக்கம் 120 சென்டிமீட்டருக்குக் குறையாத தாள் வேண்டும். இதைவிடச் சிறியதாக இருந்தால் சிதறலின் மையம் சற்று விலகினாலும் பாதி ரவைகள் தாளுக்கு வெளியே போய்விடும். பொதி சுற்றும் பழுப்புத் தாளை ஒட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் கைப்பிடி அளவுக்குக் கறுப்புப் புள்ளி. சுடுவதற்கு முன்பே ஒவ்வொரு தாளின் மூலையிலும் துப்பாக்கி, எந்தக் குழல், எந்தச் சோக், தோட்டாவின் முழு விவரம், தூரம், தேதி ஆகியவற்றை எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்ட தாள்கள் வீட்டுக்கு வரும்போது ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று யாராலும் பிரித்தறிய முடியாது.

தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும், குழல்வாயிலிருந்து தாள்வரை. கண்ணால் மதிப்பிட்ட 36 மீட்டர் பெரும்பாலும் 36 மீட்டராக இருப்பதில்லை. காற்றடிக்காத நேரம் நல்லது. உட்கார்ந்து, மேசைமேல் மணல் மூட்டையை வைத்து, அதன்மேல் முன்கையை வைத்துத் துப்பாக்கியைத் தாங்கிக்கொள்ளுங்கள். குழலை நேரடியாக மூட்டைமேல் வைக்க வேண்டாம். புள்ளியைக் குறிபார்த்து விசையை மெதுவாக அழுத்துங்கள். ஒரு தாளுக்கு ஒரே வேட்டு. அடுத்ததற்குப் புதுத் தாள்.

ஒரு வேட்டோடு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்களில் ஒன்று 55 சதவீதமும் அடுத்தது 66 சதவீதமும் தருவது வழக்கமானதே. மூன்றுக்குக் குறைந்தால் சராசரி என்று சொல்லவே முடியாது. ஐந்து இருந்தால் ஓரளவு நம்பலாம். பத்து இருந்தால் நிம்மதி. உட்கார்ந்து சுடும்போது உதை தோளில் பலமாக இறங்கும். தோள் வலிக்கத் தொடங்கியதும் விரல் தானாகவே விசையைச் சுண்டும். அதற்குப் பிறகு எடுக்கும் தாள்கள் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லாமல் வலியைப் பற்றித்தான் சொல்லும். வேலையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவது

தொடங்குபவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். 30 அங்குல வட்டத்தைக் கறுப்புப் புள்ளியைச் சுற்றிப் போடக் கூடாது. சுட்டு முடித்த பிறகு, ரவைகள் மிக நெருக்கமாக விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதை மையமாகக் கொண்டு வரைய வேண்டும். 15 அங்குலக் கயிறும் பென்சிலும் போதும். கறுப்புப் புள்ளிக்கும் அந்த மையத்துக்கும் உள்ள விலகல் தனிக் கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

வட்டத்தை நான்காகப் பிரித்துக்கொண்டு, எண்ணிய துளையை எல்லாம் பேனாவால் குறித்துக்கொண்டே போனால் குழப்பம் வராது. தக்கை கிழித்த பெரிய ஓட்டையை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். தோட்டாவில் மொத்தம் எத்தனை ரவைகள் என்பதை எடையையும் எண்ணையும் வைத்துக் கணக்கிடலாம்: 6ஆம் எண் ரவை 1⅛ அவுன்ஸ் என்றால் 225 பெருக்கல் 1.125, அதாவது 253. வட்டத்துக்குள் 152 கிடைத்தால் 60 சதவீதம்.

சதவீதம் கிடைத்ததும் பலர் தாளைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 4,560 சதுர சென்டிமீட்டர். 152 ரவைகளுக்குப் பங்கிட்டால் ஒரு ரவைக்கு 30 சதுர சென்டிமீட்டர். கவுதாரி அளவுள்ள பறவையின் உடலை, இறகையும் வாலையும் கழித்துவிட்டு, 120 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சராசரியாக நான்கு ரவைகள் படும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரவைகள் கோலப் புள்ளிகளைப் போல வரிசையாக விழுவதில்லை. ஓரிடத்தில் மூன்று சேர்ந்து விழும், பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறுமையாக இருக்கும். தற்செயலாக விழுகின்றன என்று கொண்டு நிகழ்தகவுக் கணக்குப் போட்டால், சராசரி நான்கு உள்ள சிதறலில் ஏறத்தாழ பதினொரு பறவைகளில் ஒன்றின்மேல் ஒரே ஒரு ரவை படும், அல்லது ஒன்றுகூடப் படாது. குறியில் எந்தப் பிழையும் இல்லாமலே இப்படி!

இப்போது அதே துப்பாக்கி, அதே தோட்டா, 27 மீட்டருக்கு, அதாவது 30 கஜத்துக்கு வாருங்கள். மாடிஃபைடு சோக்குக்கு அந்தத் தூரத்தில் 83 சதவீதம் என்பது பழைய அட்டவணைகளின் பொதுக் கணக்கு. 210 ரவைகள், ஒரு ரவைக்கு 22 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு, அதே உடலில் சராசரியாக ஐந்தரை. பதினொன்றில் ஒன்றாக இருந்த ஆபத்து, ஏறக்குறைய நாற்பதில் ஒன்றாகக் குறைகிறது. ஒன்பது மீட்டர் நெருங்கியதற்கே இவ்வளவு. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த இரவில், அதற்கு முன் நான் தூரத்தில் சுட்ட பறவைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. 'தவறிவிட்டது' என்று நினைத்தவற்றில் எத்தனை உண்மையிலேயே தவறியவை?

கணக்கு பிடிக்காதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் வேட்டையாடும் பறவையின் உடல் அளவுக்கு ஒரு அட்டையில் துளை வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் தாளின் மேல் வைத்து, வட்டத்துக்குள் இங்கும் அங்குமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் துளைக்குள் எத்தனை ரவைகள் தெரிகின்றன என்று பாருங்கள். மூன்றுக்கும் குறைவாகத் தெரியும் இடங்கள் அங்கங்கே வந்துகொண்டே இருந்தால், அந்தத் தூரம் அந்தத் தோட்டாவுக்கு அதிகம். வட்டத்தின் ஓரத்தில் இது முதலில் தெரியும். எந்தச் சோக்கிலும் மையம் அடர்ந்தும் ஓரம் மெலிந்தும்தான் இருக்கும். உள்ளே 20 அங்குலத்தில் இன்னொரு வட்டம் வரைந்து இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் இந்த மெலிவு எண்ணாகவே கிடைத்துவிடும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. 18 மீட்டரில் எழும்பும் பறவையை ஃபுல் சோக்கால் சுட்டால், சிதறல் இன்னும் விரியாமல் கொத்தாகவே இருக்கும். குறி சற்றுப் பிசகினால் ஒன்றும் படாது. சரியாகப் பட்டால் இறைச்சி உண்ணத் தகாதபடி சிதைந்துபோகும். அதனால்தான் 40 கஜ அளவுகோலோடு நின்றுவிடாமல், நீங்கள் வழக்கமாகச் சுடும் தூரத்திலும் தாள் வைக்கச் சொல்கிறேன். என் அனுபவத்தில், அந்தத் தாள்களைப் பார்த்த பிறகு பெரும்பாலோர் இறுக்கமான சோக்கை விட்டுத் திறந்த சோக்குக்கு மாறுகிறார்கள்.

சிதறல் எங்கே விழுகிறது?

அடர்த்தி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் நீங்கள் பார்த்த இடத்தில் விழாவிட்டால் பயனில்லை. ஐந்து தாள்களிலும் மையம் ஒரே பக்கமாக விலகியிருக்கிறதா என்று பாருங்கள். சற்று மேலே விழுவது குறை ஆகாது. எழும்பிப் பறக்கும் பறவைக்காகப் பல துப்பாக்கிகளை, ரவைகளில் 60 சதவீதம் புள்ளிக்கு மேலேயும் 40 சதவீதம் கீழேயும் விழும்படியே அமைக்கிறார்கள். பக்கவாட்டில் விலகுவதுதான் கவலைக்குரியது. இரட்டைக் குழல் துப்பாக்கியாக இருந்தால் இரண்டு குழல்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்றுதான் செய்கிறார்கள், எப்போதும் சேர்வதில்லை.

தாங்கிச் சுட்டபோது சரியாக விழுந்து, நின்று தோளில் ஏற்றிச் சட்டென்று சுடும்போது விலகினால், குறை குழலில் இல்லை. துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளிலும் கன்னத்திலும் பதியும் பின்பகுதி, உங்கள் உடலுக்குப் பொருந்தவில்லை. இதற்கு அழகான ஒரு சோதனை இருக்கிறது. 16 கஜத்தில், அதாவது 14.6 மீட்டரில், நின்றபடி புள்ளியை மட்டும் பார்த்து, குறி பார்க்காமல், துப்பாக்கியை உயர்த்திய உடனே சுடுங்கள். பல வேட்டுகளை ஒரே தாளில் போடலாம். கண்ணுக்கும் குழல்வாய்க்கும் இடையே ஏறத்தாழ ஒரு கஜம் இருப்பதால், தாளில் தெரியும் விலகலில் பதினாறில் ஒரு பங்குதான் கட்டையில் செய்ய வேண்டிய திருத்தம். தாளில் 8 சென்டிமீட்டர் இடப்பக்கம் போனால், கன்னம் படியும் இடத்தில் 5 மில்லிமீட்டர். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடப்பக்க விலகல் என்றால், பெரும்பாலும் கட்டை கன்னத்தை வெளியே தள்ளுகிறது என்று பொருள்.

இரண்டு பருவங்கள் நான் வலப்பக்கம் கடக்கும் பறவைகளை ஓயாமல் தவறவிட்டேன். இன்னும் முன்னால் தள்ளிச் சுடு என்றார்கள், சுட்டேன், மாற்றம் இல்லை. 16 கஜத் தாளில் ஆறு வேட்டுகளும் கையகலத்துக்கு இடப்பக்கம் குவிந்திருந்ததைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. தச்சரிடம் கொடுத்துக் கன்னம் படியும் இடத்தைச் சீவியதோடு சரியாகிவிட்டது.

தாளால் காட்ட முடியாத ஒன்றும் உண்டு. ரவைகள் எல்லாம் ஒரே கணத்தில் வந்து சேர்வதில்லை; முன்னும் பின்னுமாக நீண்ட ஒரு கூட்டமாகப் பறக்கின்றன. நிற்கும் தாள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகக் காத்திருக்கும். பறக்கும் பறவை காத்திருக்காது. ஆகவே குறுக்கே விரைந்து கடக்கும் பறவைக்குத் தாள் காட்டும் அடர்த்தியைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஃகு ரவைக்கு மாறினால்

நீர்ப்பறவைகள் செரிமானத்துக்காகச் சிறு கற்களை விழுங்குகின்றன. அவற்றோடு சேற்றில் கிடக்கும் ஈய ரவைகளையும் விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அமெரிக்கா 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரி முதல் தடை. எனவே ஈயத்துக்குச் சோதித்த துப்பாக்கியை எஃகுக்கு மறுபடியும் முதலிலிருந்து சோதிக்க வேண்டியிருக்கிறது.

எஃகு கடினமானது, நசுங்குவதில்லை. அதனால் அதே சோக்கில் ஈயத்தைவிட நெருக்கமாக விழும். மாடிஃபைடு சோக்கிலேயே ஃபுல் சோக்கின் சதவீதம் கிடைப்பதுண்டு. ஆனால் உலோகத்தின் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்குக் கிராம் கணக்கில், ஈயத்துக்கு 11.3, எஃகுக்கு 7.8 தான், லேசான ரவை வேகத்தை விரைவில் இழக்கும். ஈடுகட்ட இரண்டு அளவு பெரிய ரவை எடுப்பது வழக்கம்: ஈயம் 6க்குப் பதில் எஃகு 4. 1 அவுன்ஸில் அது 192 ரவைகள். இங்கே தாளை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. எஃகுச் சிதறல் 45 மீட்டரில்கூடத் தாளில் அழகாகத் தெரியும். அந்தத் தூரத்தில் ரவைக்கு உடலைத் துளைக்கும் வலு மிஞ்சியிருக்கிறதா என்பது தாளுக்குத் தெரியாது. பழைய மெல்லிய குழல்களிலும், எஃகுக்கு ஏற்றது என்று குறிப்பிடாத இறுக்கமான சோக்குகளிலும் எஃகு ரவையைப் போடவே வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சிறு அட்டையில் எழுதித் துப்பாக்கிப் பையில் வையுங்கள்: எந்தத் தோட்டா, எந்தச் சோக், எத்தனை மீட்டர்வரை. பிறகு வயலில் அதே தூரத்தை நாடாவால் அளந்து, ஒரு மரத்தையோ புதரையோ அடையாளம் வைத்து நின்று பாருங்கள். தாளில் 32 மீட்டர் என்று வந்தது வெளியில் எவ்வளவு அருகில் தெரிகிறது என்பதைக் கண் பழகிக்கொள்ள வேண்டும். தோட்டாவின் வகையை மாற்றினால் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளோடு மறுபடி போங்கள்.